சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் நாள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி சூரியன் நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். மார்ச் 20 அல்லது 21-இலும் அப்படித்தான். மற்ற நாட்களில் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ தள்ளித்தான் உதிக்கும். பள்ளியில் இவற்றை சம இரவு பகல் நாட்கள் என்று படித்திருப்போம்.

இது ஏன் நடக்கிறது? பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு ஆண்டு முழுக்க ஒரே திசையைப் பார்த்தபடியே இருக்கிறது. சூரியனைச் சுற்றிவரும்போது அது திரும்புவதில்லை. அதனால் ஜூனில் பூமியின் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்பாதி. இடையே இரண்டு இடங்களில் சாய்வு சூரியனை நோக்கியும் இல்லை, விலகியும் இல்லை. அப்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். வடக்குக்கும் தெற்குக்கும் வெயில் ஒரே அளவில் கிடைக்கும்.

சூரியன் பக்கத்தில் வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று படித்தவர்கள்கூடச் சொல்வதைக் கேட்கிறேன். அது சரியல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிப் பனியில்! அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர்; ஜூலையில் சுமார் 15.2 கோடி. இந்தத் தூர வித்தியாசம் வேறொரு வேலை செய்கிறது. அருகே இருக்கும்போது பூமி வேகமாக ஓடும். ஆகவே மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை சுமார் 186 நாட்கள், செப்டம்பரிலிருந்து மார்ச் வரை 179 நாட்கள்தான். காலண்டரில் எண்ணிப் பாருங்கள்.

ஈரானில் மார்ச் மாதத்தின் அந்தக் கணத்தில்தான் நவ்ரூஸ் புத்தாண்டு பிறக்கிறது. நமக்கோ செப்டம்பர்தான் பெரிது என்பேன், மழையால். சூரியன் தெற்கே நகர நகர, வெப்பம் மிகுந்த பட்டையும் தெற்கே இறங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கிக் காற்றின் திசையே மாறுகிறது. நிலமும் கடலும் மெல்லத்தான் ஆறும் என்பதால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. டெல்டாவின் சம்பாப் பயிர் எதிர்பார்த்திருப்பது இந்த மழையைத்தான்.

நம் சித்திரை முதல் நாளும் ஒரு காலத்தில் இந்த மார்ச் நாளோடு ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு வட்டம் போடுகிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணிப்பதால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தை முதல் நாளும் அப்படித்தான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நடந்துவிடுகிறது.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒன்றைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் சமதளமாக உள்ள இடத்தில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். காலையிலிருந்து மாலைவரை அரை மணிக்கொருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். மற்ற நாட்களில் அந்தப் புள்ளிகள் வளைகோடாகச் சேரும். இந்த நாளில் மட்டும் மேற்கிலிருந்து கிழக்குக்கு நேர்கோடு! நடுப்பகலில் நிழல் மிகக் குட்டையாகும்போது அளந்துகொள்ளுங்கள். சென்னையில் சுமார் 23 செ.மீ. இருக்கும், கன்னியாகுமரியில் சுமார் 14. நிலநடுக்கோட்டில் உள்ள இந்தோனேசியாவின் பொந்தியானக் நகரில் நிழலே விழாது. அந்த நேரத்தில் சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறதோ, அதுதான் உங்கள் ஊரின் அட்சரேகை. ஒரு கோலும் சாக்பீஸும் போதும், பூமியில் நீங்கள் நிற்கும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.