யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு தையல் அறை: முதலில் வெட்டும் மேசை

வணக்கம் உறவுகளே. இன்று உங்களை என் தையல் அறைக்குள் அழைத்துப் போகிறேன். குயில்ட் தைக்க ஆசையாக இருக்கிறது, வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, எந்த அலுமாரி வாங்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். குயில்ட் என்றால், துணித்துண்டுகளை இணைத்த மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. அந்தக் கேள்விக்கு உள்ளே போவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கிற காசை அலுமாரியில் போடாதீர்கள். முதலில் வெட்டும் மேசை. அதற்குப் பிறகு வெளிச்சம். துணி அடுக்கும் தட்டெல்லாம் கடைசியில் வரட்டும்; அதுவரை துணி ஒரு பெட்டிக்குள் பொறுத்திருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குயில்ட் வேலையில் மெசினுக்கு முன்னால் உட்காருகிற நேரம் குறைவு. நின்று வெட்டுகிற நேரமும் அயன் பிடிக்கிற நேரமும்தான் அதிகம். ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து அங்குலச் சதுரங்களை வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்து முடிந்த சதுரம் நாலரை அங்குலம் வரும். ஒற்றைக் கட்டிலுக்குக் குறுக்கே 14, நீளத்துக்கு 18, மொத்தம் 252 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டுப்பட்டால், 14 துண்டு சேர்ந்த வரிசையில் அது அரை அங்குலத்தைத் தாண்டிவிடும். அடுத்த வரிசையோடு மூலைகள் பொருந்தா. அதைத் தையலில் இழுத்துச் சரிக்கட்ட முடியாது. குயில்டின் அழகு வெட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

இதுதான் என் மேசை. கமெராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். வீடு திருத்தியபோது கழற்றிய பழைய வேப்பங்கதவு இது. அதன் மேல் பிளைவூட் பலகை அறைந்திருக்கிறேன். கீழே இரண்டு பக்கமும் உயரமான மரத்தட்டுகள் தாங்குகின்றன. உயரம் 35 அங்குலம். சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 30 அங்குலம்தான் இருக்கும். அதில் குனிந்து அரை நாள் வெட்டினால் முதுகு என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் உயரத்துக்கு எது சரி என்று அறிய நேராக நின்று முழங்கையை மடியுங்கள். முழங்கைக்கு மூன்று, நான்கு அங்குலம் கீழே மேசையின் மேற்பரப்பு வரவேண்டும். வீட்டில் இருக்கிற மேசையின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினாலும் போதும், ஆனால் கட்டை நழுவாமல் ஆணி அடித்துவிடுங்கள்.

என் அறை பத்துக்குப் பதினொன்று அடி. மேசையின் ஒரு குறுகிய பக்கம் மட்டும் சுவரோடு முட்டுகிறது. மற்ற மூன்று பக்கமும் நடக்க இடம் விட்டிருக்கிறேன். துணியைத் திருப்பாமல் நாம் சுற்றி வந்து வெட்டவேண்டும். திருப்பினால் அடுக்கு குலையும்.

வட்ட அலகு சுழன்று வெட்டுகிற ரோட்டரி கட்டரும், அதற்கு அடியில் விரிக்கிற பச்சைப் பாயும் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். அலகு 45 மில்லிமீற்றர் வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் அலகை மூடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடுங்கள். பாயை யன்னல் வெயிலிலோ சுவரில் சாய்த்தோ வைக்கவேண்டாம். எங்கள் வெயிலில் அது வளைந்துவிடும். வளைந்த பாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் மேல் அயன் பிடிப்பதும் கூடவே கூடாது. இவை கிடைக்கவில்லையா? நல்ல கத்தரிக்கோலும், பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய அளவுத்துண்டும் போதும். மட்டையில் வெட்டினால் ஓரம் தேய்ந்து அளவு மாறும், பிலிம் அப்படித் தேயாது.

இப்போது வெளிச்சம். தையல் அறைக்கு வடக்கு யன்னல்தான் நல்லது, அதில் நேர் வெயில் விழாது என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது பெரும்பாலும் சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் உள்ளே. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை நடுப்பகலில் சூரியன் எங்கள் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு யன்னலுக்குள் சாய்வெயில் வரும். உங்கள் அறையில் எந்தத் தட்டில், எந்த மணிக்கு வெயில் விழுகிறது என்று ஆனி மாதத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை பார்த்துவிட்டு அதன்பிறகு துணிக்கு இடம் தேடுங்கள். மடிப்பு விளிம்பில் மட்டும் நிறம் போன சீலையைப் பார்த்திருப்பீர்களே, அது வெயிலின் வேலை.

மின்விளக்கு விடயத்தில் இன்னொன்று. மேலே பாருங்கள், மின்விசிறிக்கு மேலே விளக்கு இல்லை. விசிறியின் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் வெட்டி வெட்டி விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும்போது கண் நொந்துபோகும். அதனால் விளக்கை விசிறிக்குக் கீழே, மேசைக்கு நேர் மேலே தொங்கவிட்டிருக்கிறேன். பகல்வெளிச்சம் போன்ற வெள்ளை எல்இடி. மஞ்சள் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். விசிறிக் காற்றில் துண்டுகள் பறக்காமல் இருக்க, வன்பொருள் கடையில் வாங்கிய பெரிய இரும்பு வோஷர்களைத் துணியில் சுற்றித் தைத்து வைத்திருக்கிறேன். இதோ, கைக்கு அடக்கமாக, துணியில் கறை படாமல்.

அயன் பிடிக்கும் இடம் வெட்டும் மேசைக்கு இரண்டு எட்டு தூரத்தில் இருக்கிறது. அயனுக்குத் தனிப் பிளக் பொயின்ட் கொடுங்கள். மெசினும் விளக்கும் செருகியிருக்கிற நீட்டு வயரில் அதையும் சேர்த்துச் செருகாதீர்கள். குயில்ட் துண்டுகளைச் சட்டை மினுக்குவதுபோல் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்குங்கள். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இங்கே யாழ்ப்பாணத்தார் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு நீராவி அயனின் துளைகளிலும் படியும். பிறகு ஒருநாள் வெள்ளைத் துணியில் சிந்தும். நீராவி அயனுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் அயனை உலர்ந்தபடியே பயன்படுத்துகிறேன். ஈரம் தேவைப்பட்டால், பிடித்து வடித்த மழைத்தண்ணீரை ஒரு சிறு போத்தலில் வைத்துத் தெளிக்கிறேன். புதுத் துணியை வெட்டுவதற்கு முன் கழுவும்போதும் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் நல்லது; சவர்க்காரம் முழுதாகப் போகும். கழுவாமல் வெட்டவேண்டாம். பருத்தி சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும்.

அடுத்தது உப்புக்காற்றும் ஈரமும். பண்ணைக் கடலோரம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஊசி, குண்டூசி, கத்தரிக்கோல் எல்லாம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த குண்டூசியைத் துணியில் குத்தி இரண்டு நாள் விட்டால் மண்ணிறப் புள்ளி விழும், அது கழுவினாலும் போகாது. இந்தத் தகர டப்பாவைத் திறந்து காட்டுகிறேன். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து இதற்குள் போட்டிருக்கிறேன். ஊசிகள் எல்லாம் இதற்குள்தான். வேலை முடிந்தால் குண்டூசிகளும் பஞ்சுத் திண்டிலிருந்து இதற்குள் வந்துவிடும்.

துணிக்குப் பனையோலைப் பெட்டிகள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் மாரிகாலத்து ஈரத்தோடு துணியை அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஓலைப் பெட்டி காற்றை விடும். சந்தையிலும் கிடைக்கும், பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திலும் கிடைக்கும். பெரிய துணிக்குக் கடகம், வெட்டிய சதுரங்களுக்கு மூடியுள்ள பெட்டி. ஓலையின் முனை நூலில் கொழுவாமல் இருக்க உள்ளே பழைய வேட்டித் துணி விரித்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்த வேப்பிலையை ஒரு சிறு பையில் கட்டிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் கறை படும். தட்டின் கடைசி அடுக்கு நிலத்திலிருந்து ஓரடியாவது மேலே இருக்கட்டும், சுவரிலிருந்தும் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கறையானுக்கும் கார்த்திகை வெள்ளத்துக்கும் இதுதான் வழி.

தையற்கடையில் கிடைக்கிற வெட்டுத்துண்டுகளை நிறம் பார்த்து அடுக்க வேண்டாம், அகலம் பார்த்து அடுக்குங்கள். இரண்டரை அங்குலக் கீற்று ஒரு பெட்டி, ஐந்து அங்குலச் சதுரம் ஒரு பெட்டி. வீட்டுக்கு வந்த அன்றே அளவாக வெட்டிவிட்டால் அது துணி. வெட்டாமல் விட்டால் மூட்டை. நவீன சந்தைக்குப் போய்ப் புதுத்துணி வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கிற பழைய சாரங்களையும் நூல் சீலைகளையும் எடுத்துப் பாருங்கள். பலமுறை கழுவிய பருத்திக்கு இருக்கிற மென்மை எந்தக் கடைத் துணிக்கும் இல்லை. நடு அடுக்குக்கும் பொலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், எங்கள் வெக்கைக்கு அது ஆகாது. பழைய நூல் சீலையை இரண்டாக மடித்து உள்ளே வைத்தால் மார்கழிப் பனிக்கு அளவான போர்வை. கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைக்குத் தைக்கிறீர்கள் என்றால் மட்டும் பஞ்சு வையுங்கள்.

இந்தச் சுவரில் தொங்குவது வெள்ளை ஃபிளனல் துணி. துண்டுகளை இதில் வைத்தால் ஊசி இல்லாமலே ஒட்டி நிற்கும். ஆறடி தள்ளி நின்று பார்த்து நிறங்களை இடம் மாற்றலாம்.

மெசினுக்கு வந்துவிட்டோம். இது அம்மம்மாவின் கால் மெசின், சிங்கர். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். எங்கள் ஊரில் பல வீடுகளில் இதுபோன்ற ஒன்று இன்னும் மூலையில் இருக்கிறது. தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது இந்த வீட்டின் உடுப்பெல்லாம் இதில்தான் தைக்கப்பட்டன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோதும் இது ஓடியது. நேர்த்தையல் மட்டும்தான் போடும். குயில்ட் துண்டுகளை இணைக்க அது தாராளம். எண்ணெய் விடும்போது மெசின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி உள்ளே இறுகிவிடும்.

கிட்ட வந்து மெசினில் ஊசிக்குக் கீழே இருக்கிற இந்த உலோகத் தட்டைப் பாருங்கள். ஊசி இறங்குகிற இடத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, ஒட்டுநாடாவை நான்கைந்து மடிப்பாக ஒட்டியிருக்கிறேன். துணியின் ஓரம் இந்தச் சிறு வரம்பில் உரசிக்கொண்டே போகும். கண்ணால் அளந்து தைக்க வேண்டியதில்லை, விரல் தானாகவே உணரும். துண்டு இணைக்க 80 இலக்க ஊசி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90.

மூன்று அடுக்கும் சேர்ந்தபின் போர்வை கனக்கும். அது மேசையிலிருந்து கீழே தொங்கினால் ஊசியை இழுக்கும், தையல் கோணும், ஊசியே முறியலாம். அதனால்தான் மெசினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் இரண்டு சிறு மேசைகளை ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு மட்டும் விறாந்தையிலிருந்து எடுத்து வந்தாலும் போதும். கதிரைக்குக் கைப்பிடி இருக்கக்கூடாது.

உங்கள் அறையின் நீள அகலத்தையும் யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மேசையை எங்கே போடலாம் என்று அடுத்த காணொளியில் சிலருடைய அறைகளை வரைந்தே காட்டுகிறேன். சில்லு இறுகிப்போன பழைய கால் மெசின் வைத்திருப்பவர்கள் அதன் படத்தையும் அனுப்புங்கள். அதைக் கழற்றித் துடைத்து ஓடவைப்பதற்குத் தனியாக ஒரு காணொளி செய்வோம். வணக்கம்.