கொலைகாரன் மாட்டக் கூடாது என்று பதறியிருக்கிறீர்களா? உங்களைச் சிக்கவைத்தது இந்தக் குட்டைதான்!

[திரையில்: சதுப்புக் குட்டை. பாதி மூழ்கிய கார். இசை இல்லை.]

இந்தக் காரின் டிக்கியில் ஒரு பெண்ணின் பிணம் இருக்கிறது. கரையில் நிற்கிற இளைஞன்தான் அதைச் சுருட்டி உள்ளே வைத்தவன். கார் இறங்குகிறது, இறங்குகிறது... திடீரென்று நின்றுவிடுகிறது. கூரை மட்டும் வெளுப்பாக வெளியே தெரிகிறது. இப்போது உங்கள் மனசு என்ன சொல்கிறது? "ஐயையோ, முழுசாக மூழ்கித் தொலையேன்!" அப்படித்தானே? போலீஸ் வரட்டும், பிணம் கிடைக்கட்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வணக்கம் நண்பர்களே. ரத்தம் தெறிக்கும் கிரைம் திரில்லர், அதுவும் நாயகனையே நமக்குப் பிடிக்காத ரகம், அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். பொய் சொல்வான், ஏமாற்றுவான், கொல்வான். நிஜத்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவோம். ஆனால் திரையில் வந்தால் அடுத்த எபிசோடு, அடுத்த எபிசோடு என்று விடிய விடியப் பார்க்கிறோம். ஏன்? அப்புறம், இவ்வளவு ருசியான வகை எங்கே சொதப்புகிறது?

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 1930இல் தங்களுக்குத் தாங்களே ஒரு ஒழுக்க விதித்தொகுப்பு போட்டுக்கொண்டன. 1934இலிருந்து அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். 1968இல் தரச்சான்று முறை வந்ததும் அது போனது. பார்வையாளர்களின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயவே கூடாது என்பது அதன் அடிப்படை. தமிழில் 1954இலேயே 'அந்த நாள்' படத்தில் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவராக நடித்தார், அதுவும் பாட்டே இல்லாத படத்தில். சரி, வரலாறு முடிந்தது. குட்டைக்குத் திரும்புவோம்.

[திரையில்: குளியலறைத் தரை, துடைப்பம், வாளி.]

படம் 'சைக்கோ', 1960, இயக்கம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஸ்பாய்லர் என்று யாரும் கமெண்டில் திட்டக் கூடாது. நாம் நாயகி என்று நம்பிய பெண் படம் பாதியைத் தாண்டும் முன்பே குளியலறையில் குத்திக் கொல்லப்படுகிறாள். எல்லோரும் அந்தக் கொலைக் காட்சியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் புதையல். விடுதிக்காரப் பையன் நார்மன் அந்த அறையைக் கழுவுகிறான். அவ்வளவுதான் காட்சி. வசனம் கிட்டத்தட்ட இல்லை. கையில் பட்ட ரத்தத்தைக் கழுவுகிறான், தொட்டியைத் தேய்க்கிறான், தரையைத் துடைக்கிறான், குளியலறைத் திரையில் பிணத்தைச் சுற்றுகிறான், அவளுடைய துணிமணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுகிறான். ஹிட்ச்காக் அவசரமே படவில்லை.

இதைப் பார்க்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? நாமும் சேர்ந்து துடைக்க ஆரம்பிக்கிறோம். "அங்கே ஓரத்தில் பார்த்தாயா?" "எதையாவது விட்டுவிட்டாயா?" என்று மனசுக்குள் மேற்பார்வை பார்க்கிறோம். கடைசியாக ஒருமுறை அறையை நோட்டம் விடுகிறான். ஒரு செய்தித்தாள் கிடக்கிறது. அதற்குள் அவள் திருடிக்கொண்டு வந்த பணம், 40,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எடுத்து டிக்கியில் வீசுகிறான். அந்தப் பணத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் படமே பார்த்தோம்! அது குப்பையோடு குப்பையாகப் போகிறது.

பிறகு கார் குட்டையில் இறங்குகிறது. அவன் எதையோ கொறித்துக்கொண்டே பார்க்கிறான். கார் நிற்கிறது. அவன் வாயும் நிற்கிறது. அக்கம்பக்கம் பார்க்கிறான். கார் மறுபடி இறங்குகிறது. அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. உங்கள் முகத்திலும்தான், மறைக்காதீர்கள்.

கார் நிற்கும் அந்த நொடியில் மக்கள் "மூழ்கட்டும்" என்றுதான் நினைப்பார்கள் என்று ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். அதாவது இது தற்செயல் இல்லை, நமக்கு விரித்த வலை. இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நான் சொன்ன அந்த விதித்தொகுப்பு 1960இல் உயிரோடுதான் இருந்தது. தணிக்கை செய்தவர்கள் குளியல் காட்சியில் உடம்பு தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக் கூடாது என்ற மூல விதி கண்ணெதிரே குட்டையில் மூழ்கியது.

ஆக, அவனை நமக்குப் பிடித்திருந்ததா? இல்லை. அவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரியவே தெரியாது. கொலை செய்தது அவன் அம்மா, அதை இவன் மறைக்கிறான் என்று அப்போது நினைக்கிறோம், அது கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம், அவன் கையில் ஒரு வேலை இருந்தது, அது பாதியில் நின்றது. ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய பூச்சியை இழுத்துக்கொண்டு சுவர் ஏறினால், அது மேலே போய்ச் சேர்கிறதா என்று நின்று பார்ப்போமே தவிர, பூச்சிக்காக அழ மாட்டோம். மர்ரே ஸ்மித் என்ற திரைப்பட ஆய்வாளர் 1995இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்: ஒரு பாத்திரத்தோடு கூடவே போவது வேறு, அவன் கட்சியில் சேர்வது வேறு. நல்ல திரில்லர் நம்மைக் கூட அழைத்துப்போகும். எந்த இடத்தில் கட்சி மாறினோம் என்பது நமக்கே தெரியாது.

பட்ரீசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய ரிப்ளி நாவலைப் படியுங்கள். கொலை, ஆள்மாறாட்டம், கள்ளக் கையெழுத்து எல்லாம் செய்துவிட்டு நாயகன் ரிப்ளி தப்பித்துவிடுகிறான். 1960இல் அதைப் பிரெஞ்சில் படமாக எடுத்தவர்கள் பயந்துவிட்டார்கள். அவன் கொன்றவனின் பிணம் படகின் கேபிளில் சிக்கி வெளியே வருவதுபோல் முடிவை மாற்றினார்கள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. புத்தகத்தில் அவன் தப்பித்த பிறகும் எங்கே போனாலும் போலீஸ் நிற்குமோ என்று பயப்படுகிறான் பாருங்கள், அந்தப் பயம் கைவிலங்கைவிட மோசம்.

சரி, இப்போது குறைக்கு வருவோம். நாயகனை யாருக்கும் பிடிக்காது என்பதைக் குறை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவனைப் பிடிக்கவைக்க எடுத்தவர்கள் செய்யும் தில்லுமுல்லுதான் குறை. சின்ன வயதில் அப்பா அடித்தார் என்று ஒரு ஃப்ளாஷ்பேக் போடுவார்கள். ஒரு நாய்க்குட்டியைத் தடவிக்கொடுப்பான். இதைவிடப் பெரிய தில்லுமுல்லு, செத்துப்போகிறவனை அவனைவிடக் கேவலமானவனாக ஆக்கிவிடுவது. 'தி சோப்ரானோஸ்' தொடரின் ஐந்தாவது எபிசோடு, 1999. மகளுக்குக் கல்லூரி பார்க்க அழைத்துப்போகிற வழியில் மாஃபியாக்காரன் டோனி, தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்த ஒரு பழைய துரோகியைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாயகனை மக்கள் வெறுத்துவிடுவார்களே என்று சேனல் தரப்புக்குக் கவலை. அதனால் அந்தத் துரோகி இப்போதும் கெட்டவன்தான் என்று காட்டும் விஷயங்களைச் சேர்த்தார்கள். அந்த எபிசோடு பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வந்த கூட்டம் பிரமாதத்தை விட்டுவிட்டு அந்தச் சலுகையை மட்டும் காப்பி அடித்தது. இன்று பாதித் தொடர்களில் சாகிறவர்கள் எல்லோரும் சாகத் தகுந்தவர்கள்! அப்படியென்றால் நமக்கு எங்கே உறுத்தும்?

அவனைத் தட்டிக்கேட்கிற ஆளின் கதியையும் பாருங்கள். 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சுகிறவன் கணவன். திட்டு வாங்கியது மனைவி ஸ்கைலர். அந்த வேடத்தில் நடித்த அன்னா கன், ரசிகர்களின் வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டித் தன்மேலேயே பாய்ந்ததைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார். கணவன் கண் வழியாகவே கதை பார்த்துப் பழகியதில், அவனை நிறுத்தச் சொல்கிறவள் நமக்கு இடைஞ்சலாகத் தெரிந்தாள்.

ரத்தத்தின் அளவு பற்றி ஒரே வார்த்தை: போதும். மூன்றாவது தலை வெட்டுக்குப் பிறகு நான் கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

[திரையில்: ஸ்பீக்கர் படம், குறுக்கே கோடு.]

போவதற்கு முன் உங்களுக்கு ஒரு விளையாட்டு. அடுத்த முறை இப்படி ஒரு தொடர் பார்க்கும்போது, அவன் கொலை செய்துவிட்டு ஸ்லோமோஷனில் நடந்து வருவான் இல்லையா, அங்கே ஒலியை அணைத்துவிடுங்கள். பின்னணி இசை இல்லாமல் அவன் மெதுவாக நடக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். பாதி மாஸ் கழன்றுவிடும். ஒலி இல்லாமலும் உங்கள் வயிறு கலங்கினால் அது கெட்டிக்காரத்தனமாக எடுத்த தொடர், பெயரைக் கமெண்டில் போடுங்கள். சிரிப்பு வந்தால் அதையும் போடுங்கள், அந்தப் பட்டியலை வைத்து நான் தனி வீடியோவே செய்கிறேன்.