நிறம்தான் காரணம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்

வணக்கம், கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். வெளியே மூடுபனி, வெளிச்சம் கம்மிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் போலீஸாக இருக்கிற அக்கா மகன் போனில் கேட்டான்: "சித்தி, கூட சேர்ந்தவங்களுக்கெல்லாம் பிரமோஷன் வந்திருச்சு, எனக்கு மட்டும் இல்ல. நிறம்தான் காரணம்னு எப்படி நிரூபிக்கிறது?"

முதலில் ஒரு குழப்பம். அந்த ஊர் சட்டப்படி போலீஸ்காரர் சாதாரண ஊழியர் இல்லை, பதவி வகிப்பவர். ஆனாலும் 2010 சமத்துவச் சட்டத்தின் 42ஆவது பிரிவு தலைமை அதிகாரியை முதலாளி இடத்தில் உட்கார வைக்கிறது. அதனால் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

(திரையில்: அதே சட்டம், பிரிவு 136)

வழக்கின் உயிர் இங்கேதான். மனசுக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேறு விளக்கம் வராவிட்டால் 'இது பாகுபாடுதான்' என்று தீர்ப்பாயம் முடிவு கட்டக்கூடிய அளவுக்குத் தகவல்களை வைத்தால் போதும், அப்புறம் 'இல்லை' என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை. ஆனால் அந்த அளவை எட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். என் நிறம் வேறு, என்னை நடத்திய விதம் வேறு என்பது மட்டும் போதாது, கூடுதலாக ஏதாவது வேண்டும் என்று 2007இல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்டர்வியூ மார்க்கைப் பிறகு திருத்தியிருப்பது, குறிப்புகள் காணாமல் போவது, கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வருவது, இதெல்லாம்தான் அந்தக் கூடுதல்.

(திரையில்: பழைய தினசரி காலண்டர் தாள்)

இது என் அம்மாவுடையது. எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது மேஸ்திரி நோட்டில் 19 கிலோ என்று எழுதுவார், அம்மா வீட்டுக்கு வந்து தாள் பின்னால் 22 என்று எழுதி வைப்பார். ஒரு தாளுக்கு மதிப்பில்லை. மூன்று மாதத் தாளை நூலில் கோத்துக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் மேஸ்திரிக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்து பழிவாங்கல், 27ஆவது பிரிவு. புகார் கொடுத்ததற்காக, அல்லது சக ஊழியருக்காகச் சாட்சி சொன்னதற்காக உங்களுக்குக் கெடுதல் செய்தால் அது தனி வழக்கு. மூலப் புகார் தோற்றாலும் இது நிற்கலாம், தெரிந்தே பொய் சொல்லியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். என் கணிப்பில் பல சமயம் இதுதான் நிரூபிக்கச் சுலபம், ஏனென்றால் புகாருக்கு முன், புகாருக்குப் பின் என்று தேதி போட்டு ஆவணங்கள் இருக்கும்.

அதற்காகத் தேதி மட்டும் ஜெயிக்க வைக்காது. சார்ஜென்ட் கான் வழக்கைப் பாருங்கள். வெஸ்ட் யார்க்‌ஷர் போலீஸ் மேல், அங்கே வேலை பார்த்துக்கொண்டே பாகுபாடு வழக்குப் போட்டிருந்தவர், நார்ஃபோக் போலீஸில் வேலைக்கு முயன்றார். வழக்கு நடக்கிறது, அதனால் அவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது என்று வேலை பார்த்த இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். அப்பீல் கோர்ட் வரை அவர் பக்கம்தான். 2001இல், அப்போது அங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கவிழ்த்தது: வழக்குப் போட்டதற்காகத் தண்டிக்கவில்லை, நடக்கிற வழக்கில் தங்கள் நிலையைக் காத்துக்கொள்ளத்தான் மறுத்தார்கள் என்றது. எனக்கு இது கொஞ்சம் நூலிழைப் பிரிவாகத்தான் படுகிறது, ஆனாலும் 'ஏன் செய்தார்கள்' என்ற கேள்வியைத் தாண்டி ஓட முடியாது.

கடைசியாக, தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான கெடு. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் பல வருடக் கணக்கு, இப்போது அதை நீட்டுகிறார்கள், எப்போதிலிருந்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குள் புகார் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பையனிடம் முதலில் இதைத்தான் கேட்டேன், லிஸ்ட் என்றைக்கு வந்தது என்று.

"பிப்ரவரி கடைசின்னு நினைக்கிறேன் சித்தி."

நினைக்கிறானாம்.