லண்டனில் முதல் பத்து நாள்: வெள்ளவத்தை அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வயது 64. மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் லண்டன் போகிறாராம். "போன முறை இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிவிட்டது. பிறகு பத்து நாள் நித்திரையே இல்லை. ஒருவரோடும் கதைக்கப் பிடிக்காமல் அழுதுகொண்டே இருந்தேன். இந்த முறை மகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது, என்ன செய்யலாம்?" என்கிறார்.

அம்மா, அது உங்கள் மனப் பலவீனம் இல்லை. வீக்கத்துக்கும் காரணம் இருக்கிறது, அழுகைக்கும் இருக்கிறது.

காலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் உள்ள இரத்தம் நன்றாக மேலே ஏறும். கட்டுநாயக்காவில் இருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானத்திலேயே ஏறத்தாழ 11 மணித்தியாலம். பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டி வருமே என்று வெட்கப்பட்டு, தண்ணீரும் குடிக்காமல் அப்படியே இருந்துவிடுகிற அம்மாமார் எத்தனை பேர்! நடைபாதைப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கு ஒரு தடவை எழும்பி நடவுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். சக்கர நாற்காலி தேவை என்றால் 48 மணித்தியாலத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பொறுத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு இரத்தக்கட்டி வந்திருந்தால் பயணத்துக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள்.

சரி, நித்திரைக்கு வருவோம். உங்களை வாட்டியது அதுதான். ஜனவரியில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே பின்னேரம் மூன்றரை என்றால் உங்கள் உடம்புக்கு இரவு ஒன்பது. கண் தானாகச் சொருகும். அப்போது படுத்தால் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடும், ஏனென்றால் இங்கே அது விடிகாலை ஐந்தரை. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணித்தியாலம்தான் நகரும். அதை நகர்த்துவது மாத்திரையை விட வெளிச்சம். கொழும்பில் வருடம் முழுக்கக் காலை ஆறு மணியளவில் விடிந்து பின்னேரம் ஆறு மணியளவில் இருட்டும். அங்கே ஜனவரியில் விடிவதே எட்டு மணிக்கு, நாலு மணிக்கெல்லாம் இருட்டு. ஆகவே இரண்டு மணிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள், மழை மூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னேரம் வீட்டு லைட்டுகளை எல்லாம் போட்டுவிட்டு ஒன்பது வரையாவது விழித்திருங்கள்.

இன்னொன்று, இதை அனுபவத்தில் சொல்கிறேன். இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் போனைத் தொடாதீர்கள். இங்கே அப்போது காலை ஆறரை, எல்லோரும் எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார்கள். தங்கச்சியோடு வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் கதைத்தால் உடம்பு கொழும்பு நேரத்திலேயே நின்றுவிடும். அங்கே பகல் ஒரு மணிக்கு எடுங்கள், இங்கே பின்னேரம் ஆறரை, ஆறுதலாகக் கதைக்கலாம்.

அழுகைக்கு நித்திரையில்லாதது பாதிக் காரணம். மற்றப் பாதி, வீட்டுக்குள்ளேயே இருப்பது. இங்கே காலி வீதியில் இறங்கினால் மரக்கறிக்காரரே உங்களோடு நின்று கதைப்பார். அங்கே மகள் கூட்டிப்போனால்தான் வெளியே என்று ஆகிவிடுகிறது. 2018 ஜனவரியில் ஈஸ்ட் ஹாமில் என் மகள் வீட்டில் நானும் அப்படித்தான் ஒரு கிழமை யன்னலடியில் இருந்தேன். எட்டாம் நாள் மகள் பஸ்ஸுக்குக் காசு கட்டும் ஓய்ஸ்டர் கார்டைக் கையில் தந்து, ஒரே ஒரு பஸ் நம்பரை எழுதித் தந்தாள். அங்கே பஸ்ஸில் 2014 முதல் காசு வாங்குவதில்லை, கார்டைத் தொட்டுவிட்டு ஏற வேண்டியதுதான். அடுத்த தரிப்பின் பெயரையும் பஸ்ஸே சொல்லும். ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கித் தமிழ்க் கடைக்குள் போனேன். "அம்மா, ஊரில் எவடம்?" என்று கேட்டார் கடைத் தம்பி. கண் கலங்கிவிட்டது. முருங்கைக்காயும் சிவப்பு அரிசி மாவும் வாங்கிக்கொண்டு நானே திரும்பி வந்தேன். அன்று இரவுதான் விடியும் வரை நித்திரை.

பிள்ளை பிறந்த பிறகு மகளுக்கு நேரம் கிடைக்காது. அதனால் முதல் கிழமையிலேயே அப்படி ஒரு பஸ்ஸைப் பழகிவிடுங்கள், அம்மா. நெய்ப் போத்தல் கொண்டு போக வேண்டாம், பால் பொருட்களை உள்ளே விடமாட்டார்கள். அங்கே தமிழ்க் கடையில் வாங்கலாம்.