எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வேலை

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தனியார் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அப்படியான பாடசாலைகளில் வருடம் முழுவதும் நடக்கும் விழாக்கள், ஒன்றுகூடல்கள் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் உடனே சம்மதித்தேன்.

சிறிய பாடசாலை என்று நான் சொல்வது ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பிரிவு மட்டும் உள்ள பாடசாலையை. வகுப்பில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள், சில வருடங்களில் பன்னிரண்டு பேர்தான். காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போதே இன்றைக்கு யார் வரவில்லை என்று அதிபருக்குத் தெரிந்துவிடும். இதைக் குறையாகப் பார்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். “அங்கே போட்டி போட ஆளில்லை ரீச்சர், பிள்ளை எப்படி முன்னுக்கு வரும்?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் அவர்களை விளையாட்டுப் போட்டிக்கு வந்து பார்க்கச் சொல்வேன். சிறிய பாடசாலையின் விழாவில் வேடிக்கை பார்க்க ஆள் மிஞ்சாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் இருக்கும். அந்தப் பலத்தைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறோம் என்று எனக்குக் கவலை.

முதலில் விளையாட்டுப் போட்டியைச் சொல்கிறேன். நம் பகுதியில் மாரி மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விடாது. மைதானத்தில் வெள்ளம் நிற்கும். தை பிறந்து நிலம் காய்ந்த பிறகு, சித்திரை வெயில் ஏறுவதற்கு முன், பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை முடித்துவிட வேண்டும். அதனால்தான் வழக்கமாக அது முதலாம் தவணையில் வருகிறது. பெரிய பாடசாலைகளில் தகுதிகாண் ஓட்டம் வைத்து, நன்றாக ஓடுகிறவர்களைத் தெரிந்து எடுத்துவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் இல்லக் கொட்டிலில் இருந்து கொடி அசைப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. நான்காம் வகுப்பில் ஓர் இல்லத்துக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால், அஞ்சலோட்டத்துக்கு வேகமான நான்கு பேரை எங்கே போய்த் தேடுவது? ஓடத் தெரிந்தவனும் ஓட வேண்டும், ஓடப் பிடிக்காதவனும் ஓட வேண்டும்.

பின்னேரங்களில் அந்தப் பயிற்சியைப் பார்க்க வேண்டும். கோலைக் கொடுக்கிறவன் ஓடி வருகிறான். வாங்க வேண்டியவன் திரும்பி நின்று வாயைப் பிளந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “பின்னால பாக்காத, கையை நீட்டிக்கொண்டு ஓடு” என்று நாங்கள் கத்துவோம். கோல் விழும். எடுப்பார்கள், மறுபடி விழும். இரண்டு கிழமை போனபின் ஒருநாள் கோல் விழாமல் கை மாறும். அன்றைக்கு அந்த நான்கு பேரின் முகத்தில் தெரிகிற சந்தோஷம் பரிசு நாளில்கூடத் தெரியாது. அதில் மிக மெதுவாக ஓடுகிறவனுக்கு மூன்றாவது ஓட்டத்தைக் கொடுப்போம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேகமான பிள்ளைகள் வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் இல்லாமல் அணி இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

அப்பாமார் முதல் நாள் வந்து சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவார்கள். கயிறு பிடிக்க ஒருவர், அளக்க ஒருவர், தள்ளி நின்று கோடு வளைகிறது என்று சொல்ல இன்னும் ஒருவர். அம்மாமார் தேசிக்காய்த் தண்ணீர் கரைப்பார்கள். தென்னோலைப் பின்னல், குருத்தோலைத் தோரணம், பழைய சேலைகள் எல்லாம் சேர்த்து இல்லத்தை அலங்கரிப்பது மூத்த வகுப்புப் பிள்ளைகள். தேசிக்காய் கரண்டி ஓட்டத்தைப் பார்க்கவென்றே அம்மம்மாமார் வெள்ளனவே வந்து முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்துவிடுவார்கள்.

பாடசாலையை ஊர் சேர்ந்து தாங்குவது இங்கே புதிதில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதிப் பாடசாலைகள் நடத்தினார்கள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கையில் பெரிய முதல் இல்லை. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கிவைக்கச் சொல்லி, அந்தப் பிடியரிசியைச் சேர்த்துப் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பிறகு 1960 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் வந்தது. தனியாக நிற்போம் என்று தீர்மானித்த சில பாடசாலைகள் வகுப்புக் கட்டணமும் வாங்க முடியாமல், அரச பணமும் இல்லாமல் கஷ்டப்பட்டன. அந்த நாட்களில் பழைய மாணவரும் பெற்றோரும்தான் தோள் கொடுத்தார்கள். 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் வேறு பாடசாலைக் கட்டடங்களிலும் மர நிழலிலும் பின்னேரப் பாடசாலை நடந்ததை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் விருப்பமான நிகழ்வு சிறுவர் சந்தை. நம் பகுதி முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பிரிவுகளிலும் இப்போது பரவலாக நடக்கிறது. வீட்டு வளவில் உள்ளதைப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். முருங்கைக்காய், கீரைப்பிடி, தேசிக்காய், பப்பாசிப்பழம், காலத்தைப் பொறுத்துப் பனங்கிழங்கு, புழுக்கொடியல். அம்மா சுட்டுக் கொடுத்த பனங்காய்ப் பணியாரமும் கச்சான் சரையும் கட்டாயம் இருக்கும். சாக்கை விரித்து வரிசையாக இருந்து கூவி விற்பார்கள். மருதனார்மடம் சந்தையில் கேட்கும் சத்தம் அப்படியே எங்கள் முற்றத்தில் கேட்கும்.

அன்றைக்குக் கணக்குப் பாடம் தானாக நடக்கும். கீரைப்பிடி ஐம்பது ரூபாய் என்று ஒரு சின்னவன் சொன்னான். ஓர் அப்பம்மா முப்பதுக்குக் கேட்டார். அவன் யோசித்துவிட்டு, “நாப்பது தாங்கோ அப்பம்மா, ஆனா பிறகு திருப்பிக் கொண்டு வரக்கூடாது” என்றான். அவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும் அவனுக்குக் கை ஓடவில்லை. பக்கத்துச் சாக்கில் இருந்த பெட்டை விரல் விட்டு எண்ணி, அறுபது ரூபாய் மிச்சம் கொடுக்கச் சொன்னாள். அவன் ஒவ்வொரு பத்து ரூபாய்க் குற்றியாக அப்பம்மாவின் கையில் எண்ணி வைத்தான். பின்னால் வரிசை நீண்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதே நாளில் இன்னொரு பிள்ளையைப் பார்த்தேன். வகுப்பில் கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் மெல்லிய குரலில் பதில் சொல்கிறவள். அவளிடம் எல்லாம் விற்று முடிந்து ஒரு கட்டு முருங்கைக்காய் மட்டும் சாக்கின் ஓரத்தில் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் “அது வித்துப்போச்சு” என்றாள். அதிபர் வந்து கேட்டார், அவருக்கும் அதே பதில். அதிபரென்றும் பார்க்கவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாடசாலைக் காவலாளி ஐயா காலையிலேயே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். வாசலை விட்டு வர முடியாததால் அவர் வரத் தாமதம். அவர் வந்து காசைக் கொடுத்துக் கட்டை வாங்கிய பிறகுதான் அவள் சாக்கை மடித்தாள். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்று சமய பாடத்தில் நாங்கள் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

நவராத்திரி நாட்களில் ஒவ்வொரு பூசையை ஒவ்வொரு வகுப்பு பொறுப்பெடுக்கும். அவல், சுண்டல், மோதகம் எல்லாம் வீடுகளில் இருந்து வரும். கடைசியில் வாணி விழா. விஜயதசமியன்று சின்னஞ்சிறுசுகளுக்கு ஏடு தொடக்குவோம். கார்த்திகை, மார்கழியில் ஒளிவிழா. மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் கரோல் பாட்டு ஒரு வரியும் கேட்காது. பிள்ளைகள் இன்னும் சத்தமாகப் பாடுவார்கள். மேய்ப்பர்கள் வீட்டுப் படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். சைவப் பிள்ளைகள் ஒளிவிழாவில் நடிப்பார்கள், கிறிஸ்தவப் பிள்ளைகள் வாணி விழாவுக்குக் கோலம் போடுவார்கள். சிறிய பாடசாலையில் இதற்கென்று தனியாக ஒருவரும் முயற்சி எடுக்க வேண்டியதில்லை. ஆள் போதாது, எல்லாரும் வந்தால்தான் விழா நடக்கும்.

சரி, இனி என் கவலைக்கு வருகிறேன்.

இப்போது பல இடங்களில் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, கௌரவ விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பிரதம விருந்தினர் உரை. ஒவ்வொருவருக்கும் மாலை, பொன்னாடை. அதற்கிடையில் நடன உடுப்பை இறுக்கிக் கட்டி, தலையில் பூவும் குஞ்சமும் வைத்து, மதியத்திலிருந்து காத்திருக்கிற ஆறு வயதுப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வியர்த்துப்போய் இருக்கிறார்கள். உடுப்பு குழம்பிவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்க விடுவதில்லை, மலசலகூடத்துக்குப் போகவும் விடுவதில்லை. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வருகின்ற விருந்தினர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னால் கட்டாயம் கேட்பார்கள். சொல்லத்தான் நாங்கள் தயங்குகிறோம்.

அடுத்தது காசு. மேடை அலங்காரம் வாடகைக்கு, உடுப்பு வாடகைக்கு, ஒப்பனைக்கு வெளியாள், நடனம் பழக்க வெளியாள், வீடியோவுக்கு ஒருவர், பந்தல்காரர், உணவுப் பொதி கடையில். எல்லாவற்றுக்கும் பெற்றோரிடம் இவ்வளவு தாருங்கள் என்று துண்டு போகிறது. நாட்கூலிக்குப் போகும் தகப்பனால் இரண்டு பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க முடியுமா? அவர் வந்து முடியாது என்று சொல்லமாட்டார். விழா நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தால் விழா நாட்களில் மட்டும் காய்ச்சல் வருகிற பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். அந்த இடாப்பை எல்லா அதிபர்களும் ஒருமுறை இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் சுவிஸிலும் உழைத்து நீங்கள் அனுப்பும் பணத்தில் தண்ணீர்த் தாங்கி வந்திருக்கிறது, வகுப்பறைக்குக் கூரை வந்திருக்கிறது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பாடசாலையில் ஒரு நிகழ்வு நடந்தால், மேடையில் இருத்துவார்கள் என்று காத்திராமல் மைதானத்துக்கு இறங்குங்கள். முடிவுக் கோட்டில் மணிக்கூட்டைப் பிடித்து நிற்க ஆள் தேவை. நீளம் பாய்தலுக்கு மண் கிளறிவிட ஆள் தேவை. நீங்கள் படித்த காலத்துக் கதையைப் பிள்ளைகளுடன் நிலத்தில் இருந்து சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பெற்றோருக்கு வேலை நெருக்கடி இருக்கிறது, தெரியும். சனி ஞாயிறும் ரியூசன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்று வந்துவிட்டால், நான்காம் வகுப்பிலேயே பிள்ளையை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்ப யோசிக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் அஞ்சலோட்டம் பழகியதால் ஒரு பிள்ளையின் புள்ளி குறைந்ததை நான் கண்டதில்லை. பின்னேரம் களைக்க ஓடிய பிள்ளை இரவில் நன்றாக நித்திரை கொள்வதைத்தான் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே அடுத்த தவணைக்கான பெற்றோர் கூட்டம் கூடும்போது சில விஷயங்களைப் பேசிப் பாருங்கள். முன்பள்ளிப் பிள்ளைகளினதும் முதலாம் வகுப்பினதும் நிகழ்ச்சிகளை உரைகளுக்கு முன்னால் போடுங்கள். விருந்தினர் ஒருவர் போதும், இருவருக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருக்கும் துணியில் செய்யக்கூடிய உடுப்பாகத் தீர்மானியுங்கள். தைக்கத் தெரிந்த தாய்மார் எங்கள் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். காசு கொடுக்க முடியாதவர்களிடம் காசு கேட்காமல் அவர்களுக்குத் தெரிந்த வேலையைக் கேளுங்கள். மேசன் வேலை தெரிந்தவர் மேடைப் படியைத் திருத்தித் தரட்டும், ஓலை பின்னத் தெரிந்த அம்மம்மா பிள்ளைகளுக்குப் பின்னப் பழக்கட்டும். பிள்ளைகள் காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிதண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே இரண்டு பேரை நியமியுங்கள். அந்த இருவருக்கும் அன்றைக்கு வேறு எந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.