எத்தனை பெட்டி வரை?

நண்பர்களே, சரக்கு ரயில் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று ஒரு மாநிலம் சட்டம் போட முடியுமா? அமெரிக்காவில் இந்தச் சண்டை தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அரிசோனா 1912-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் ரயிலுக்கு 14 பெட்டி, சரக்கு ரயிலுக்கு 70 பெட்டி, அதற்கு மேல் கூடாது. ஏன் தெரியுமா? பெட்டிகளைக் கோக்கும் கொக்கியில் கொஞ்சம் தளர்வு இருக்கும். எஞ்சின் இழுக்கும்போது அது ஒவ்வொரு கொக்கியாக இறுகிக்கொண்டே பின்னால் போகும். பிரேக் போட்டால் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து இடிக்கும். எஞ்சினில் இருப்பவருக்கு அது ஒரு சின்னக் குலுக்கல். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கோ அத்தனை கொக்கிகளின் தளர்வும் சேர்ந்து ஒரே அடியாக விழும். நின்றுகொண்டிருந்தால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

இந்தச் சட்டத்தை மீறியதாக சதர்ன் பசிபிக் கம்பெனி மேல் அரிசோனா 1940-இல் வழக்குப் போட்டது. 1945-இல் உச்ச நீதிமன்றம் சட்டமே செல்லாது என்றது. ரயிலைச் சுருக்கினால் எண்ணிக்கை கூடும், லெவல் கிராசிங் விபத்தும் கூடும், மாநிலம் தாண்டும் வணிகத்துக்கும் பெரிய சுமை என்றது. அந்த வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் தொழிலாளியின் ஆபத்தை எடைபோட வேண்டியது சட்டமன்றம்தான் என்று மாறுபட்டு எழுதினாரே நீதிபதி ஹியூகோ பிளாக், என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது.

சரி, மாநிலம் சொல்லக் கூடாது. அப்புறம் யார் சொல்வது? நீளத்துக்கு மத்திய அரசு வரம்பே வைக்கவில்லை. வாரம் இரண்டு முறை 3 மைல் நீள ரயில் ஓட்டுவதாக ஒரு கம்பெனியே சொன்னது, 2019-இல் வந்த அரசு அறிக்கையில் இருக்கிறது. ரயில் ஐந்து நிமிடத்துக்கு மேல் சாலையை மறிக்கக் கூடாது என்ற ஒஹாயோவின் சட்டமும் 2022-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது.

இந்தியானாவில் ஹாமண்ட் என்று ஓர் ஊர். அங்கே சரக்கு ரயில் வழியை மறித்து மணிக்கணக்கில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கு அடியில் தவழ்ந்து போகிறார்கள் என்று 2023-இல் செய்தி வந்தது. அந்தக் கொக்கியின் தளர்வை இங்கே நினைத்துப் பாருங்கள். எஞ்சின் கிளம்பிய பிறகும், பிள்ளையின் தலைக்கு மேலிருக்கும் பெட்டி சில விநாடிகள் அசையாமல்தான் நிற்கும். அதன் முறை வந்ததும் சட்டென்று வெட்டி இழுக்கும்.