கதைத்துக்கொண்டே இருந்த மனிதர்

(இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் இரா. சம்பந்தன் ஐயாவின் நினைவுக் கூட்டத்தில், திருகோணமலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு நிற்பவர்கள் முன்னால் வந்து இருங்கள், கதிரை கிடக்கிறது.

ஐயாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு தண்ணீர் ஜக்குதான். 2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஜூன் 30 இரவு கொழும்பில் உயிர் பிரிந்து, பாராளுமன்றத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, யாழ்ப்பாணம் போய், கடைசியில் அவருடைய உடல் ஊருக்கு வந்திருந்தது. இறுதி ஊர்வலம் பார்க்க வீதியோரம் நின்றவர்களில் நானும் ஒருவன். மண்டையைப் பிளக்கிற வெயில். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் கதவைப் பாதி இழுத்துவிட்டு வெளியே வந்தார். கையில் பிளாஸ்டிக் ஜக்கு, இரண்டு கப். நின்ற சனத்துக்கு ஒவ்வொருவராக ஊற்றிக் கொடுத்தார். முடிய முடிய உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார். வாகனம் கடந்தபோது ஜக்கை நிலத்தில் வைத்துவிட்டு நேராக நின்றார். அவர் ஐயாவுக்கு வாக்குப் போட்டவரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

ஐயாவின் அரசியலை விளங்கிக்கொள்ள அந்தக் கடைவாசலில் இருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். தமிழ் அரசியலின் தலைமை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தே வந்தது. அங்கே பக்கத்து வீடும் தமிழ் வீடு, பக்கத்து ஊரும் தமிழ் ஊர். இங்கே அப்படியா? 1981 குடிசன மதிப்பீட்டில் இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மீன் வாங்கப் போனாலும், வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போனாலும் மற்றவனோடு கதைக்காமல் காரியம் நடக்காது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் நாளைக்கு நாமே திறக்க வேண்டியிருக்கும். ஐயா வளர்ந்தது இந்த ஊரில். கடைசிவரை கதைத்துக்கொண்டே இருந்தாரே, அந்தப் பழக்கம் இந்த மண் கொடுத்தது.

வாழ்க்கை வரலாறு உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1933 பெப்ரவரி 5 பிறப்பு. சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார். 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியினர் கால்நடையாக இந்தத் திருமலைக்கு வந்து மாநாடு கூட்டினார்களே, அந்தக் காலத்து இளைஞர். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் திருகோணமலைத் தொகுதியில் வென்று, 44 வயதில் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார். இதே தேர்தலுக்குத்தான் சேருவில என்று சிங்களப் பெரும்பான்மையோடு ஒரு புதுத் தொகுதி இந்த மாவட்டத்தில் வெட்டப்பட்டது. அதன் பொருள் என்னவென்று இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு 1983. ஜூலைக் கலவரத்தின் புகை அடங்கும் முன்பே, ஓகஸ்டில் அரசியலமைப்பின் 6ஆம் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணியினர் மறுத்தார்கள். மூன்று மாதம் சபைக்குப் போகாவிட்டால் ஆசனம் பறிபோகும். போனது. மக்கள் கொடுத்த ஆசனத்தை மானத்துக்காக விட்டார்கள். ஐயாவும் விட்டார்.

பதினான்கு வருடம் கழித்து அவர் திரும்பிப் போன விதத்தைத்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 1997 ஜூலை 5. நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர் தங்கத்துரை அண்ணன், இதே நகரில், பெண்கள் கல்லூரி ஒன்றின் விழா முடிந்து வெளியே வரும்போது கொல்லப்பட்டார். சரியாகப் பதினைந்தாம் நாள், ஜூலை 20, இந்த மாவட்டத்தின் இன்னொரு உறுப்பினர் மஹ்ரூப் அவர்களும் கொல்லப்பட்டார். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், இருவரும் மக்கள் தெரிவுசெய்து அனுப்பியவர்கள். ஒரே மாதத்தில் இரண்டு மரண வீடு. அன்றைக்குத் திருமலையில் அரசியல் பேசவே ஆட்கள் பயந்தார்கள். மேடை போட ஆள் இல்லை, கூட்டத்துக்குப் பந்தல் கட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், தங்கத்துரை அண்ணனின் இரத்தம் காயாத கதிரையில் போய் உட்கார ஒருவர் வேண்டியிருந்தது. சம்பந்தன் ஐயா போனார். 64 வயது. சட்டத்தரணித் தொழிலோடு வீட்டில் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1983இல் எடுக்க மறுத்த சத்தியத்தை 1997இல் எடுக்கத்தானே வேண்டியிருந்தது, அது சறுக்கல் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 83இல் வெளியே நிற்பது துணிவாக இருந்தது. 97இல் உள்ளே போவது துணிவாக இருந்தது. இரண்டு நேரத்திலும் இலகுவான பக்கம் எது என்று பாருங்கள். அவர் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

2000இல் தோற்றார். 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோது மீண்டும் வென்றார். அப்புறம் 2004, 2010, 2015, 2020 என்று ஒவ்வொரு முறையும் இந்த மாவட்டம் அவரை அனுப்பியது.

இனி இந்த மாவட்டத்துச் சம்பூர்க் கிராமம். இதைச் சொல்லாமல் போனால் என் சித்தி என்னை மன்னிக்க மாட்டார். 2006இல் போர் மூண்டபோது சம்பூர்ச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம் முகாமாக வாழ்க்கை. சித்தி கிளிவெட்டியில் ஒன்பது வருடம் தகரக் கொட்டிலில் இருந்தார். பகலில் உள்ளே இருக்க முடியாது, அடுப்புக்குள் இருப்பது போல இருக்கும். நிலம் கைத்தொழில் வலயத்துக்கு என்றார்கள், அனல் மின் நிலையத்துக்கு என்றார்கள். ஐயா பாராளுமன்றத்தில் சம்பூர், சம்பூர் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டவர்களுக்கு அலுத்திருக்கும், அவருக்கு அலுக்கவில்லை. 2015 மே மாதம் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு வர்த்தமானி வந்தது. அடுத்த வருடம் மேலும் 237 ஏக்கர். அனல் மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது.

சித்தியோடு நானும் போனேன். வீடு இல்லை. வேலி இல்லை. ஆள் உயரப் பற்றை. எது எவருடைய வளவு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. சித்தி ஒரு தடியால் பற்றையை விலக்கிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் குந்தி இருந்து மண்ணைக் கையால் தள்ளினார். கிணற்றுக் கட்டின் சீமெந்து விளிம்பு தெரிந்தது. அதில் சித்தப்பா ஈரச் சீமெந்தில் விரலால் எழுதிய வருடம், பாதி அழிந்து. “இதுதான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் பேச்சு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேர்ந்ததை நான் அந்த விளிம்பில் பார்த்தேன்.

நானாவின் கதைக்கு வருகிறேன். 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கூட்டமைப்புக்கு 11 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015இல் ஆட்சி மாறியபோது முதலமைச்சர் பதவி முஸ்லிம் காங்கிரசுக்குப் போனது. 11 பேரை வைத்திருந்த கூட்டமைப்பு அமைச்சரவையில் சேர்ந்தது. நம்முடைய ஆட்கள் கொதித்தார்கள். எனக்கும் அன்று மனம் ஆறவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்று யோசித்தால், வடக்கும் கிழக்கும் இணைய வேண்டும் என்று கேட்கிறவர் முஸ்லிம் மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் அதை எப்படிக் கேட்பது? பெரியவன் முதலில் விட்டுக்கொடுத்தால்தான் சின்னவன் பக்கத்தில் வந்து உட்காருவான்.

2015 செப்டெம்பர் 3ஆம் திகதி அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கம் அவர்களுக்குப் பிறகு, 32 வருடம் கழித்து, அந்தக் கதிரையில் ஒரு தமிழர். 2018 ஒக்டோபரில் பிரதமர் பதவி ஓர் இரவில் மாற்றப்பட்டு, பாராளுமன்றமும் கலைக்கப்பட்டபோது, உயர் நீதிமன்றம் போனவர்களில் அவரும் இருந்தார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் கலைப்பு செல்லாது என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். ஐந்து நாளில் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவர் கையை விட்டுப் போனது. நாட்டின் அரசியலமைப்பைக் காக்க நின்றவருக்கு அந்த நாடு திருப்பிக் கொடுத்தது இதுதான்.

குறையையும் பேசத்தான் வேண்டும். தமிழர் பிரச்சினைக்கு 2016க்குள் தீர்வு வரும் என்று அவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். வரவில்லை. புதிய அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் ‘ஒருமித்த நாடு’ என்ற சொல்லுக்குள் நம்முடைய எதிர்பார்ப்பையும், ‘ஏக்கிய’ என்ற சிங்களச் சொல்லுக்குள் சிங்களவர்களுடைய பயத்தையும் அடக்கப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே நின்றுவிட்டது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் அவர்மேல் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு சொல்லைக்கூடத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நம்பியவர்கள் அவரைக் கைவிட்டார்கள். அவரை நம்பியவர்களுக்கு அதுவே இரட்டை வலி.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். ஐயா பாராளுமன்றத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார். நிறுத்தி நிறுத்தி, முக்கியமான வரியை இரண்டு தரம் சொல்லி, வழக்காடுவது போலப் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு விளங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அவருக்கு வாக்களித்த மீன்பிடிக்காரரும் வயல்காரரும் அந்தப் பேச்சுகளை முழுதாகத் தமிழில் படித்ததில்லை. எல்லாம் ஹன்சார்ட் என்கிற பாராளுமன்றப் பதிவேட்டில் தூங்குகிறது. அதைத் தமிழாக்கி நம்முடைய நூலகங்களில் வைக்க வேண்டும், சிங்களத்திலும் வர வேண்டும். சம்பூர் பற்றிய உரைகளில் சிலதை நான் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், அந்த மேசையில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. மொழிபெயர்க்கத் தெரிந்த ஆசிரியர்மார், சட்டம் படிக்கிற பிள்ளைகள், தேநீர் குடித்துவிட்டு ஆளுக்கு ஓர் உரையை எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்தவர்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். பேனை பக்கத்தில் இருக்கிறது.